புதிதாக வருபவர்களுக்குச் சில உண்மைகள்

ஜனவரி 12, திங்கள்

கமிட்டியிடமிருந்து கடிதம். என் உரை வேண்டாமாம். "இந்த ஆண்டின் மையக்கருத்தோடு பொருந்தவில்லை." மையக்கருத்து: அரவணைப்பு.

இருபத்தெட்டு வருடமாக இந்த லார்ப் மாநாட்டுக்குப் போகிறேன். நார்டிக் நாடுகள் நாலும் முறை வைத்து நடத்துகின்றன, இந்த வருடம் எங்கள் ஃபின்லாந்தின் முறை. அதுவும் தாம்பெரேயில் என் வீட்டு வாசலிலிருந்து பஸ்ஸில் நாற்பது நிமிடம். ஏரிக்கரை ஹோட்டல், நானூறு பேர். அதில் எனக்கு அரை மணி நேரம் கிடையாது.

கடைசிப் பத்தி இன்னும் அழகு. "உங்கள் அனுபவத்தை மிகவும் மதிக்கிறோம், ராகேல். புதிதாக வருபவர்களுக்கான வழிகாட்டியை நீங்கள் எழுதித் தர முடியுமா?" கீழே தலைவர் யோனத்தானின் பெயர். பக்கத்தில் ஒரு இதயப் படம். தலைவருக்கு வயது முப்பத்தொன்று. நான் முதல் மாநாட்டுக்குப் போனபோது மூக்கொழுகிக்கொண்டு திரிந்திருப்பான்.

ஜனவரி 14, புதன்

"சரி" என்று பதில் போட்டுவிட்டேன். ஏன்? மானங்கெட்டவள்.

ஜனவரி 18, ஞாயிறு

ஒரு வரிகூட எழுதவில்லை. முந்தாநாள் ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் மெர்வி எட்டிப் பார்த்தாள். "என்ன எழுதற?"

"லார்ப் மாநாட்டுக்கு வழிகாட்டி."

"வேஷம் கட்டிக்கிட்டுக் காட்டுல ஓடுவீங்களே, அதுவா?"

பன்னிரண்டு வருடம் பக்கத்து மேசை. இன்னமும் இதுதான். மறுபடியும் சொன்னேன் — மேடை இல்லை, பார்வையாளர் இல்லை, எழுதி வைத்த வசனம் இல்லை. மூன்று நாள் நீ வேறொருத்தி. அவள் பெயரில் சாப்பிடுகிறாய், அவள் பெயரில் அழுகிறாய். அவ்வளவுதான்.

"அப்ப மாநாட்டுலயும் நாலு நாள் அப்படித்தானா?"

"மாநாட்டுல யாரும் ஆடறதில்ல. ஆடினதைப் பத்திப் பேசுவாங்க."

"நாலு நாளுமா?"

நாலு நாளும்தான். காலை ஒன்பது மணிக்கு வட்டமாக உட்கார்ந்து, இன்றைக்கு என் மனநிலை என்ன வானிலை என்று ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். "எனக்குள் லேசான தூறல்." வளர்ந்த மனிதர்கள். சம்பளம் வாங்குகிறவர்கள்.

பிப்ரவரி 1, ஞாயிறு

எழுதியே விட்டேன். ஒரே மூச்சில், ஒரு பானை காபியில். தலைப்பு: "புதிதாக வருபவர்களுக்குச் சில உண்மைகள்."

நன்றாக வந்திருக்கிறது. எனக்கே சிரிப்பு வந்தது. சில இடங்கள்:

"உங்கள் பெயர் அட்டையில் பச்சைப் புள்ளி இருந்தால் யார் வேண்டுமானாலும் கட்டிப்பிடிப்பார்கள். சிவப்பு இருந்தால் பிடிக்க மாட்டார்கள். பச்சை ஒட்டிக்கொண்டும் யாரும் பிடிக்கவில்லை என்றால் கவலை வேண்டாம், அதுதான் வழக்கம்."

"முதல் நாள் யாரும் உங்களிடம் பேச மாட்டார்கள். இரண்டாம் நாளும். மூன்றாம் நாள் ஒருவர் பேசுவார், உங்களை வேறு யாரோ என்று நினைத்து."

"சாப்பாட்டுக் கூடத்தில் எட்டு பேர் மேசைகள். ஒவ்வொன்றிலும் ஏழு பழைய நண்பர்களும் அவர்களுடைய ஒரு ஸ்வெட்டரும் உட்கார்ந்திருப்பார்கள்."

"உரை முடிந்ததும் கையைத் தூக்குபவருக்குக் கேள்வி எதுவும் இருக்காது. அவர் தான் நடத்திய ஆட்டத்தைப் பற்றிச் சொல்லப்போகிறார். உட்கார்ந்தே இருங்கள்."

இதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. அத்தனையும் எனக்கு நடந்தது. 1998, நார்வே. இருபத்தொரு வயது, நானே தைத்த பாவாடை, இரண்டரை நாள் ஒருவரும் பேசவில்லை. போகட்டும்.

பிப்ரவரி 4, புதன்

யோனத்தான் கூப்பிட்டான். குரலைத் தேனில் முக்கி எடுத்துக்கொண்டு பேசுகிறான்.

"ராகேல், படிச்சேன். ரொம்ப... ரொம்ப நேர்மையா இருக்கு."

"நன்றி."

"கொஞ்சம் மென்மையாக்கலாமான்னு யோசிக்கிறோம். படிக்கிறவங்க பயந்துடக் கூடாதில்லையா?"

"யாரு? நானூறு பேர் வர்ற இடத்துக்குக் கோப்ளின் பூத வேஷத்துல ரயிலேறி வர்றவங்களா? அவங்க எதுக்கும் பயப்பட மாட்டாங்க."

"உங்க வலி எனக்குப் புரியுது, ராகேல்."

என்ன வலி? யாருக்கு வலி? போனை வைத்துவிட்டு முழங்கை வரை கை கழுவினேன். தொழில் பழக்கம்.

பிப்ரவரி 11, புதன்

அவர்கள் திருத்திய வழிகாட்டி வந்தது. "நீங்கள் நீங்களாகவே வாருங்கள்" என்று தொடங்குகிறது. வேறொருவராக ஆவதையே தொழிலாக வைத்திருக்கும் கூட்டத்துக்கு!

பிப்ரவரி 20, வெள்ளி

எழுபத்துநாலு புதியவர்கள். முகவரிப் பட்டியல் என்னிடம்தான் இருக்கிறது, அனுப்புவது என் வேலை. அவர்களுடையதை இணைத்தேன். எடுத்தேன். என்னுடையதை இணைத்தேன். காபி இடைவேளை முடிய இரண்டு நிமிடம். அனுப்பினேன்.

பிறகு பிற்பகல் முழுக்கச் சோதனைக் குழாய்களில் பெயர்ச்சீட்டு ஒட்டிக்கொண்டே இருந்தேன், ஒன்றுகூடக் கோணவில்லை. கோபமா இது? பழிவாங்கலா? நேர்மை என்றுதான் நினைக்கிறேன். நேர்மை என்று நினைக்கத்தான் பிடித்திருக்கிறது.

பிப்ரவரி 22, ஞாயிறு

திட்டு வரும் என்று காத்திருந்தால் பாராட்டு வருகிறது. புதியவர்களிடமிருந்து பழையவர்களுக்கும் பரவிவிட்டதாம். "வயிறு வலிக்கச் சிரித்தேன்." "இந்த வருடத்தின் சிறந்த எழுத்து." ஒரு டென்மார்க்காரன் அதை டேனிஷில் மொழிபெயர்த்துவிட்டானாம். யோனத்தான் எழுதுகிறான்: "நீங்க ஒரு மேதை! கிண்டல் மூலமா அரவணைப்பு! மையக்கருத்துக்கு இதைவிடப் பொருத்தமா எதுவும் இல்ல!"

காறித் துப்பினாலும் கையேந்தி வாங்கிக்கொள்கிறார்கள். இவர்களை என்ன செய்வது?

மார்ச் 3, செவ்வாய்

ஒரு கடிதம் மட்டும் வேறு மாதிரி. வடக்கே கயானி என்ற ஊரிலிருந்து அவ்னே கர்ப்பினென் என்று ஒரு பெண்மணி. பேருந்து ஓட்டுநராம். வயது ஐம்பத்தேழு என்று கேட்காமலே சொல்கிறார். அப்படியே எழுதிக்கொள்கிறேன்:

"வழிகாட்டி கிடைத்தது. நன்றி. சாப்பாட்டு மேசைகள் எல்லாம் நிரம்பியிருக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் புதியவர்கள் எங்கே சாப்பிட வேண்டும்? தெரிந்தால் ஏற்பாடாக வருவேன்."

யாராவது இப்படிக் கேட்பார்களா? என்னைக் கிண்டல் செய்கிறாள். "கோட்டு மாட்டும் இடத்தில் ஒரு பெஞ்சு உண்டு" என்று ஒரே வரியில் பதில் போட்டேன்.

மார்ச் 4, புதன்

"தகவலுக்கு நன்றி. அவ்னே க." இவளுக்கும் நகைச்சுவை உணர்வு இருக்கிறது போல.

ஏப்ரல் 9, வியாழன். ஹோட்டல்

ஏரியில் பனிக்கட்டி அழுக்குச் சாம்பல் நிறத்தில் கிடக்கிறது. உள்ளே நிலைமை இன்னும் மோசம்.

பெயர் அட்டைக்கு வரிசை. சிவப்புப் புள்ளியைப் பெரிதாக ஒட்டிக்கொண்டேன். அப்படியும் ஒரு ஸ்வீடன்காரி ஓடி வந்து, அட்டையைப் பார்த்து, "ஓ!" என்று தன்னையே கட்டிப்பிடித்துக்கொண்டு என் முன்னால் இப்படியும் அப்படியும் ஆடினாள். எனக்காகவாம்.

போகிற இடமெல்லாம் என் வழிகாட்டியை எனக்கே ஒப்பிக்கிறார்கள். "ஏழு நண்பர்களும் ஒரு ஸ்வெட்டரும்!" என்று கத்துகிறான் ஒருவன், ஸ்வெட்டரை நாற்காலியில் போட்டுக்கொண்டே. புரிந்து சிரிக்கிறார்களா, புரியாமல் சிரிக்கிறார்களா?

ராத்திரிச் சாப்பாடு: சால்மன் சூப், ரை தானிய ரொட்டி. சன்னலோரம் தனி மேசை. பக்கத்து நாற்காலியில் பையை வைத்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டேன். திரும்பும்போது கோட்டு மாட்டும் இடத்தில் நீலச் சட்டை போட்ட ஒரு அம்மாள் மடியில் தட்டை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஹோட்டல் வேலைக்காரர் போல. அவர்களுக்கு ஒரு மேசை கூடவா போடக்கூடாது?

ஏப்ரல் 10, வெள்ளி

காலை வட்டம். எனக்குள் ஆலங்கட்டி மழை என்று சொன்னேன். கை தட்டினார்கள்.

யோனத்தானின் உரை, "மென்மையின் கட்டமைப்பு". ஐம்பது நிமிடம் பேசினான், அதில் பொருளுள்ள வாக்கியம் ஒன்று இருந்தது: கழிப்பறை இடது பக்கம்.

மத்தியானம் என் கோட்டை எடுக்கப் போனேன். அதே நீலச் சட்டை அம்மாள், அதே பெஞ்சு. நானூறு ஈரக் கோட்டுகளுக்கு நடுவில் முழங்காலில் தட்டு, அதில் வெந்த உருளைக்கிழங்கு. கழுத்தில் பெயர் அட்டை தொங்கியது. அவ்னே. பச்சைப் புள்ளி.

எனக்கு ஆத்திரம் வந்தது. வேடிக்கையை இவ்வளவு தூரமா இழுப்பது?

"போதும்" என்றேன். "சிரிச்சாச்சு. எழுந்து வந்து மேசையில சாப்பிடுங்க."

அவர் மென்றதை விழுங்கிவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "யாரு சிரிச்சா?"

"நான்தான் ராகேல். அந்த வழிகாட்டியை எழுதினவ."

"ஓ, நீதானா? இங்க பெஞ்சு இருக்குன்னு நீ சொன்னது சரிதான். ஆனா கதவைத் திறக்கறப்பல்லாம் காத்து வருது. அதையும் எழுதியிருக்கலாம்."

முகத்தில் கேலியே இல்லை. தேடிப் பார்த்தேன், இல்லை. நேற்று மாலையிலிருந்து மூன்று வேளையும் அவர் அங்கேதான் சாப்பிட்டிருக்கிறார். நான் சொன்னதால்.

கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டேன். போய்விட்டேன்! கல்லுப்பொடி தூவிய பாதையில் ஏரியை ஒரு சுற்று. திரும்பி வந்தபோது பெஞ்சு காலி.

ஏப்ரல் 11, சனி

காலைச் சாப்பாட்டில் அவரைத் தேடினேன். பெஞ்சிலும் இல்லை. வரவேற்பில் கேட்டால், அறையைக் காலி செய்துவிட்டாராம்.

பஸ் நிறுத்தத்தில் இருந்தார். சூட்கேசின் மேல் உட்கார்ந்திருந்தார். நான் அறைக்குள் போடும் செருப்போடு ஓடியிருக்கிறேன், கோட்டு இல்லை.

"மாநாடு நாளைக்குத்தானே முடியுது" என்றேன்.

"எனக்கு முடிஞ்சுபோச்சு."

"நான் எழுதினது வேடிக்கைக்கு. எல்லாரும் சிரிச்சாங்க."

"எல்லாருன்னா யாரு? இங்க ஏற்கெனவே ஆள் தெரிஞ்சவங்க சிரிச்சிருப்பாங்க." குரல் உயரவில்லை. "நான் வண்டி ஓட்டறவ. பலகையில 'நிறுத்தம் இல்லை'ன்னு போட்டிருந்தா நிறுத்த மாட்டேன். யாராச்சும் வேடிக்கைக்குப் பலகை எழுதுவாங்களா?"

பஸ் வந்தது. அவர் ஏறினார். நானும் ஏறிவிட்டேன், செருப்போடு. ஏன் ஏறினேன் — சும்மா வழியனுப்பிவிட்டுத் திரும்ப முடியவில்லை, அவ்வளவுதான்.

பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தேன். பிறகு அவர் ஓட்டுநரின் முதுகைப் பார்த்துத் தலையாட்டினார். "பிரேக்கை மிதிக்கிறான் பாரு. முட்டை ஏத்திட்டுப் போனா ஆம்லெட்தான்." நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"வியாழக்கிழமை உன்னைச் சாப்பாட்டுக் கூடத்துல பார்த்தேன். பக்கத்து சீட்டுல பையை வெச்சுட்டு உக்காந்திருந்த. என் வண்டியிலயும் அந்த மாதிரி ஒருத்தர் வருவாங்க. வருஷக்கணக்கா தினம் வருவாங்க. யாரும் தன்கிட்ட பேசறதில்லன்னு எங்கிட்டயே குறைப்படுவாங்க."

முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அறைந்தவர் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

ரயிலுக்கு ஐம்பது நிமிடம் இருந்தது. நிலையத்துக் கடையில் காபியும் ஏலக்காய் பன்னும். அங்கேதான் சொன்னார், எதற்கு வந்தேன் என்று.

போன இலையுதிர் காலத்தில் ஒரே ஒரு லார்ப் ஆடியிருக்கிறார். போர்க்காலத் தொலைபேசி நிலையம், இவர் இணைப்பு கொடுக்கும் பெண். இரண்டாம் நாள் ஒரு ராணுவ அதிகாரி லைன் கேட்கிறான். இன்னொரு பக்கம் ஒரு தாய் மகனிடம் பேசிக்கொண்டிருக்கிறாள். அவளைத் துண்டிக்கச் சொல்கிறான்.

"'லைன் இல்லை'ன்னேன். அவன் மேசையைக் குத்தறான். 'லைன் இல்லை, சார்'னு மறுபடியும் சொல்றேன். முப்பது வருஷமா நிறுத்தத்துல யார் கை காட்டினாலும் நிறுத்தியிருக்கேன். வீட்டுலயும் அப்படித்தான். இல்லன்னு சொன்னதே கிடையாது. அது யாரு சொன்னது? நானா, அவளா?"

இது எனக்குத் தெரிந்த பாடம். கமிட்டி வேண்டாமென்ற என் உரையே இதைப் பற்றித்தான்: ஆட்டம் முடிந்து வீடு திரும்பிய பின் வரும் நாட்கள், அவற்றைக் கடப்பது எப்படி. திரையில் காட்ட முப்பத்திரண்டு படங்களோடு தயாராக இருந்தேன். முன்னால் சாய்ந்தேன். "அந்த உணர்வு போயிடும். ரெண்டு மூணு மாசம் ஆகும். பயப்படாதீங்க."

"ஆறு மாசமாச்சு. தேய ஆரம்பிச்சிருச்சு" என்றார் அவ்னே. "அதான் வந்தேன். போகாம வெச்சுக்கறது எப்படின்னு கேக்க."

முப்பத்திரண்டு படத்திலும் அதற்குப் பதில் இல்லை. திரும்பி வருவது எப்படி என்றே இத்தனை வருடம் பேசியிருக்கிறேன். வராமல் இருப்பது எப்படி என்று ஒருவரும் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

"எனக்குத் தெரியாது" என்றேன்.

"தெரியாதா?"

"தெரியாது."

அவர் பன்னின் பாதியைப் பிய்த்து என் தட்டில் வைத்தார். "பரவால்ல. மூணு நாளுல ஒருத்தராச்சும் ஒழுங்கா பதில் சொன்னீங்களே."

திரும்பி வரச் சொன்னேன். மாட்டேன் என்றார். ரயிலேறிப் போய்விட்டார். நடைமேடையில் நின்றபோதுதான் கால் விரல்கள் மரத்துப்போயிருந்தது தெரிந்தது.

நான் வண்டி வண்டியாகச் சிரிக்க வைத்த எழுபத்துநாலு பேரில் எத்தனை பேர் வராமலே இருந்துவிட்டார்கள்? அதை யாரிடம் கேட்பது?

ஏப்ரல் 12, ஞாயிறு

கடைசி மத்தியானச் சாப்பாடு. தட்டை எடுத்துக்கொண்டு கூடத்தின் மூலைக்குப் போனேன். புதியவர்கள் நாலு பேர், ஒரு நாற்காலி விட்டு ஒரு நாற்காலியில், அவரவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் போய் உட்கார்ந்தேன்.

சகிக்கவில்லை. ஒரு பையன், எஸ்தோனியாவாம், லார்ப் என்றால் என்ன என்று எனக்கு நாற்பது நிமிடம் விளக்கினான். பாதி தப்பு. பற்களைக் கடித்துக்கொண்டு கேட்டேன். இன்னொருத்தி இடையில் புகுந்து வேறு மாதிரித் தப்பாகச் சொன்னாள். இரண்டு பேரும் சண்டை போட ஆரம்பித்தார்கள், மற்ற இரண்டு பேரும் போனைக் கீழே வைத்தார்கள். இனிப்பு வரும்போது நாலு பேரும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். என்னை யாரும் கவனிக்கவில்லை.

யோனத்தானிடம் அவ்னேவைப் பற்றிச் சொன்னேன். அவன் கண்ணில் நீர் தளும்பியது. "உங்களுக்கு எப்படி இருந்திருக்கும்!" என்றான். எனக்கு இல்லையடா, முட்டாளே. பெஞ்சில் உட்கார்ந்தது நான் இல்லை.

ஏப்ரல் 13, திங்கள்

எழுபத்துநாலு பேருக்கும் ஒரு கடிதம். மூன்று வரி. "நான் எழுதியது 1998-இல் எனக்கு நடந்தது. உங்களுக்கும் நடக்கும் என்று எழுத எனக்கு உரிமை இல்லை. மன்னியுங்கள்." வேடிக்கை எதுவும் சேர்க்கவில்லை. பாராட்டு ஒன்றுகூட வரவில்லை.

அவ்னேவுக்குத் தனியாக எழுதினேன். நாலு முறை கிழித்து, ஐந்தாவதை அனுப்பினேன்.

மே 21, வியாழன்

கயானியிலிருந்து ஒரு அட்டை. "வழித்தடம் மாற்றிக் கேட்டேன். மேலாளர் இல்லை என்றார். அப்படியானால் நானும் இல்லை என்றேன். கொடுத்துவிட்டார். அவ்னே க."

குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைத்திருக்கிறேன். மெர்வி வந்தபோது யார் என்று கேட்டாள். எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை, ஆனால் தொடங்கினேன்.

ஆகஸ்ட் 2, ஞாயிறு

போனில் அவ்னே. கயானியில் ஓர் ஆட்டம் நடத்தப்போகிறாராம். 1944, போரில் ஊரைக் காலி செய்துகொண்டு போகிறவர்கள், ஒரு ராத்திரி தங்கும் பள்ளிக்கூடம். பதினாறு பேர், பாதி பேர் பஸ் டிப்போ ஆட்கள். "நீ வரியா?"

"எழுதித் தரட்டுமா? கட்டமைப்பு, பாத்திரங்கள்..."

"லைன் இல்லை" என்றார். "எழுதியாச்சு. ஆள்தான் வேணும்."

செப்டம்பர் 19, சனி. கயானி

ஆட்டம் தொடங்க ஒரு மணி நேரம். பள்ளிக்கூடத்துச் சமையலறையில் இருந்து எழுதுகிறேன். எனக்குக் கொடுத்த பாத்திரம் சமையற்காரி. பெயர்கூட இல்லை, "சமையற்காரி" என்றுதான் போட்டிருக்கிறது. இரண்டு வாளி உருளைக்கிழங்கு உரித்தாகிவிட்டது.

ஆட்டத்தின் அமைப்பு ஓட்டை. மூன்றாம் காட்சிக்கு ஒரு காரணமும் கிடையாது, யார் யாருக்கு உறவு என்று பாதி பேருக்குத் தெரியாது. ஒருத்தி அந்தக் காலத்தில் இங்கே கிடைக்காத நைலான் காலுறை போட்டு வந்திருக்கிறாள். அவ்னே நடுக்கூடத்தில் நின்று எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, எங்கே உட்கார வேண்டும் என்று கை காட்டிக்கொண்டிருக்கிறார்.

இப்போதுதான் ரெய்யோ என்ற ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்தார். டிப்போ மெக்கானிக், அறுபது வயதிருக்கும். தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டே, "இதெல்லாம் எனக்குப் பழக்கமில்ல. தப்பா ஏதாச்சும் பண்ணிட்டா?" என்றார்.

"என் பக்கத்துல வந்து நின்னுடுங்க. உரிக்க நிறைய இருக்கு" என்றேன்.

தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, "இது சரியா இருக்கா?" என்று கேட்டார்.

அது எழுபதுகளின் தொப்பி. முன்னால் ட்ராக்டர் படம் வேறு. 1944-க்கு முப்பது வருடம் பிந்தியது.

"சரியா இருக்கு" என்றேன்.